தோற்பதற்காவது ஒரு மேட்ச் வேண்டாமா? - ஒரு சென்னையின் எஃப்.சி. ரசிகரின் புலம்பல்

உங்கள் தெருவில் சி.எஸ்.கே. ரசிகர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் எண்ணி முடிக்க முடியாது. சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் எத்தனை பேர் என்றால் ஒரு கை விரல்களே மிச்சம். அந்த விரல்களில் ஒன்று நான்.

‘அப்படி ஒரு டீம் இருக்கா?’ என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே வராது. பழகிவிட்டது. ‘சென்னையின்... என்ன?’ என்று கேட்பவர்களும் உண்டு. பாதியில் நிறுத்திய வாக்கியம் போலத்தான் இருக்கும் அந்தப் பெயர். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் ஆரம்பித்தபோது பிறந்த கால்பந்து கிளப் இது. அபிஷேக் பச்சன், வீட்டா தானி, நம்ம தோனி மூவரும் உரிமையாளர்கள். நீல ஜெர்சி. சொந்த மைதானம் பெரியமேட்டில் இருக்கும் ஜவஹர்லால் நேரு ஸ்டேடியம். புது வீட்டு வாசலில் கண்ணேறு படாமல் இருக்க மாட்டுவோமே திருஷ்டி பொம்மை, அதுதான் இந்த அணியின் சின்னம். இத்தனை வருடம் பார்த்த பிறகு சொல்கிறேன், அந்த பொம்மை தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: இந்த அணி 2 முறை ஐ.எஸ்.எல். சாம்பியன். 2015, 2017-18. அப்புறம் எதற்குப் புலம்பல் என்கிறீர்களா? அதுதான் பிரச்னையே. ஆரம்பத்திலேயே ஜெயித்துவிட்டார்கள்.

முதல் பாடம், 117-வது நிமிடத்தில்

முதல் சீசனிலேயே அரையிறுதிக்குப் போனோம். எதிரே கேரளா பிளாஸ்டர்ஸ். அரையிறுதி என்றால் 2 மேட்ச். இவர்கள் ஊரில் ஒன்று, அவர்கள் ஊரில் ஒன்று, 2 மேட்சின் கோல்களையும் கூட்டிப் பார்ப்பார்கள். கொச்சியில் 3-0 என்று அடி வாங்கிக்கொண்டு வந்தது அணி. முடிந்தது கதை என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சென்னையில் நடந்த அடுத்த மேட்சில் நம் ஆட்கள் பதிலுக்கு 3 கோல் அடித்தார்கள். கணக்கு 3-3. ஸ்டேடியமே ஆடியது. கூடுதல் நேரம். பெனால்டி ஷூட் அவுட்டுக்கு 3 நிமிடம் இருக்கும்போது, 117-வது நிமிடத்தில், ஸ்டீபன் பியர்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கேரளாவுக்காக ஒரு கோல் போட்டார். முடிந்தது.

கிரிக்கெட்டில் தோற்றால் எங்கே தோற்றோம் என்று ஓவர் ஓவராகப் பிரித்துப் பேசி ஆறுதல் தேடலாம். கால்பந்தில் அது கிடையாது. 2 மணி நேரம் உயிரைக் கொடுத்துக் கத்திவிட்டு, ஒரே ஒரு நொடியில் எல்லாம் போய்விடும். அந்த நொடியில் நீங்கள் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தால், அதைக்கூடப் பார்த்திருக்க மாட்டீர்கள்.

அடுத்த வருடம் 2015. கோச், மார்கோ மாட்டெராசி. 2006 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் ஸிடேன் தலையால் முட்டினாரே, முட்டு வாங்கிய அதே ஆள்தான். சீசனின் நடுவில் அணி அட்டவணையின் அடியில் கிடந்தது. ஊரில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அப்போது திடீரென்று ஜெயிக்க ஆரம்பித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று... அரையிறுதிக்கே வந்துவிட்டார்கள். ஆனால் ஊரே வெள்ளத்தில் இருந்தது. சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியை புனேவுக்கு மாற்றினார்கள். கரன்ட் இல்லாத வீடுகளில், சார்ஜ் தீரப்போகிற போன்களில் ஸ்கோர் பார்த்தவர்கள் உண்டு. அட்லெட்டிகோ டி கொல்கத்தாவை 3-0 என்று முடித்தார்கள்.

இறுதிப் போட்டி டிசம்பர் 20, கோவாவில், கோவா அணியோடு. 87-வது நிமிடத்தில் கோவா 2-1 என்று முன்னிலை. அவர்கள் ஊர்க் கூட்டம் கொண்டாடத் தொடங்கிவிட்டது. 90-வது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் கைபட்டு பந்து அவர்கள் வலைக்குள்ளேயே போனது. 2-2. அடுத்த 2 நிமிடத்தில் கொலம்பியாக்காரர் மெண்டோசா அடித்தார். 3-2. கோப்பை.

வெள்ளத்தில் மெத்தை, பீரோ, பைக் எல்லாம் போன ஊருக்கு ஒரு கோப்பை வந்தது. அன்றைக்கு இந்த அணியிடம் மனதைக் கொடுத்தவர்கள் இன்னும் திரும்ப வாங்கவில்லை. எந்த நிலையில் இருந்தாலும் மேலே வந்துவிடலாம் என்று அந்த சீசன் எங்களுக்குக் கற்றுக் கொடுத்துவிட்டது. அந்தப் பாடத்தை மறக்க முடியாமல்தான் இன்றுவரை அவதிப்படுகிறோம்.

சாம்பியனாக இருந்து கடைசி இடத்துக்கு

2018 மார்ச்சில் இரண்டாவது கோப்பை. அரையிறுதியில் மறுபடியும் கோவா. சென்னையில் நடந்த மேட்சில் ஜெஜெ 2 கோல், நம்மூர் தன்பால் கணேஷ் ஒரு கோல். சென்னைக்காரர் சென்னையில் அடித்த கோல் என்பதால் அன்று ஸ்டாண்டில் எழுந்த சத்தமே தனி. இறுதிப் போட்டி பெங்களூரு அணியோடு, அவர்கள் மைதானத்திலேயே. 9-வது நிமிடத்தில் சுனில் சேத்ரி அடித்தும் கலங்காமல், மைல்சன் ஆல்வஸ் தலையால் 2, ரஃபேல் அகஸ்டோ ஒன்று என்று போட்டு 3-2. கோச் ஜான் கிரிகரியை அப்போது சென்னையில் யாரிடம் கேட்டாலும்... சரி, எங்கள் ஸ்டாண்டில் யாரிடம் கேட்டாலும் தெய்வம் என்றிருப்பார்கள்.

அதே கோச். கிட்டத்தட்ட அதே அணி. அடுத்த சீசன் 18 மேட்ச். ஜெயித்தது 2. டிரா 3. தோல்வி 13. மொத்தம் 9 புள்ளிகள். 10 அணிகளில் 10-வது இடம்.

என்ன நடந்தது என்று இன்றுவரை யாரும் எனக்குத் திருப்தியாகச் சொன்னதில்லை. காயம் என்றார்கள். ஆசியப் போட்டிக்கும் சேர்த்துத் தயாராக வேண்டியிருந்தது என்றார்கள். முந்தைய வருடம் ஆடியவர்கள் களைத்துவிட்டார்கள் என்றார்கள். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் ஸ்டேடியத்திலிருந்து சென்ட்ரல் ஸ்டேஷன் வரை நடந்துகொண்டே நாங்கள் நடத்திய விசாரணைக் கமிஷன்களுக்குக் கணக்கே இல்லை. பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும்.

“ஏம்ப்பா, அந்த லெஃப்ட் பேக்க மாத்த மாட்டாராமா?”

“மாத்துனா யார இறக்குவாரு? பெஞ்ச்ல யாரு இருக்கா?”

“அப்ப நாமளே இறங்கிர வேண்டியதுதான்.”

“நீ இறங்குனா 9 பாயின்ட்டும் வராதுண்ணே.”

அந்த சீசனின் 2 வெற்றிகளில் ஒன்று என்ன தெரியுமா? 2019 பிப்ரவரியில் சென்னையில் பெங்களூருவை 2-1 என்று ஜெயித்தது. அந்த வருடம் சாம்பியன் ஆன அணி பெங்களூரு! கடைசி இடத்தில் கிடக்கும் அணி, கோப்பை வாங்கப் போகும் அணியை அடிக்கிறது. இதைப் பார்த்துவிட்டு எப்படி வீட்டில் சும்மா உட்கார்வது? அடுத்த மேட்சுக்கு டிக்கெட் எடுக்கத்தானே தோன்றும்?

இங்கே ஒரு கிளைக்கதை. நாங்கள் கடைசி இடத்தில் கிடந்த அதே சீசனில், கோவையில் ஆடிக்கொண்டிருந்த சென்னை சிட்டி எஃப்.சி. என்ற இன்னொரு தமிழ்நாட்டு அணி ஐ-லீக் சாம்பியன் ஆனது. ஐ.எஸ்.எல்.-க்கு இணையாக நடந்த லீக் அது. அவர்களைப் பார்த்துப் பொறாமைப்பட்டதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சில வருடங்களில் அந்த கிளப் ஐ-லீக்கிலேயே இல்லாமல் போய்விட்டது. தோற்றாலும் இருக்கிற அணி மேல் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்கும் பின்னால் ஒரு சோதனை வந்தது, சொல்கிறேன்.

நம்பிக்கை என்னும் வியாதி

2019-20. ஆரம்பம் படுமோசம். முதல் 4 மேட்சில் ஒரு கோல்கூட இல்லை. ஐந்தாவது மேட்ச், சென்னையில், ஹைதராபாத்தோடு. 90 நிமிடம் வரை 0-0. பாதிக் கூட்டம் பைக் ஸ்டாண்டை நோக்கிக் கிளம்பிவிட்டது. அதன்பிறகு இஞ்சுரி டைமில் மட்டும் 3 கோல். நாங்கள் ஒன்று, அவர்கள் ஒன்று, மறுபடி நாங்கள் ஒன்று. 2-1. கிளம்பிப் போனவர்கள் வெளியே சத்தத்தைக் கேட்டுத் திரும்பி ஓடி வந்தார்கள். அவர்களை உள்ளே விட்டிருப்பார்களா தெரியாது.

ஆனாலும் கிரிகரி போய்விட்டார். டிசம்பரில் ஓவன் கோய்ல் என்ற கோச் வந்தார். அதே வீரர்கள்தான், ஆனால் வேறு அணி போல ஆடினார்கள். லிதுவேனியாவின் வால்ஸ்கிஸ் கோலாகப் போட்டுத் தள்ளினார். சீசன் முழுக்க 15 கோல். அடிமட்டத்தில் இருந்த அணி நான்காவது இடத்துக்கு ஏறி, அரையிறுதியில் கோவாவை இரண்டு மேட்சும் சேர்த்து 6-5 என்று தாண்டி இறுதிப் போட்டிக்கே போய்விட்டது. மறுபடியும் 2015! சொன்னோமில்லையா?

இறுதிப் போட்டி 2020 மார்ச் 14. தேதியைப் பார்த்தாலே உங்களுக்குப் புரிந்திருக்கும். கொரோனா. கோவாவில் ஒரு ரசிகர்கூட இல்லாத ஸ்டேடியத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால், ஏ.டி.கே. அணியிடம் 3-1 என்று தோற்றோம். டிக்கெட்டும் ரயிலும் போட்டு வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் கேன்சல் செய்துவிட்டு வீட்டு சோபாவில் உட்கார்ந்து பார்த்தார்கள். அடுத்த பத்து நாளில் நாடே பூட்டப்பட்டது. ஒரு கால்பந்துத் தோல்விக்காக வருத்தப்படக்கூட வெட்கமாக இருந்த காலம் அது.

மோசமான அணிக்கு ரசிகராக இருப்பவர்களைப் பார்த்து ‘பாவம், எப்படித்தான் தோல்வியைத் தாங்குறீங்களோ’ என்பார்கள். தோல்வி பழகிவிடும் சார். முதல் 5, 6 தோல்விதான் கஷ்டம். அப்புறம் மின்சார ரயில் தாமதமாக வருவது மாதிரி, ‘இன்னைக்கும் அப்படித்தான்’ என்று மனசு சமாதானமாகிவிடும். நடுவில் ஒரு வெற்றி வரும்போதுதான் பிரச்னை. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த மாதிரி அது எழுப்பிவிட்டுப் போகும். பாயின்ட்ஸ் டேபிளை எடுத்து, ‘இன்னும் 7 மேட்ச் இருக்கு, 5 ஜெயிச்சு, அவங்க 3 தோத்தா...’ என்று கூட்டிக் கழிக்க ஆரம்பிப்போம். வீட்டு பட்ஜெட்டுக்குக்கூட நான் அவ்வளவு கணக்குப் போட்டதில்லை. எங்கள் அணி இரண்டு முறை அடியிலிருந்து எழுந்து இறுதிப் போட்டிக்குப் போயிருக்கிறதே! எப்போதுமே தோற்கிற அணியாக இருந்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்போம்.

எட்டு, எட்டு, எட்டு

அதற்கடுத்த 2 சீசன்களும் கொரோனா காரணமாக முழுக்க கோவாவிலேயே நடந்தன. 2020 பிப்ரவரி 29-க்குப் பிறகு, 2022 அக்டோபர் 14-ம் தேதி பெங்களூருவோடு 1-1 என்று டிரா செய்த மேட்ச் வரை, இரண்டரை வருடம் நேரு ஸ்டேடியத்தில் எங்களுக்கு ஒரு ஐ.எஸ்.எல். மேட்ச்கூட இல்லை. எல்லாம் டி.வி.யில்தான்.

2020-21 சீசனில் 20 மேட்ச் ஆடினார்கள். அதில் 11 டிரா! ஒவ்வொரு மேட்ச் முடிந்ததும் எங்கள் வீட்டில் நடந்த உரையாடல் இது.

“ஜெயிச்சாச்சா?” - அம்மா.

“டிரா.”

“அப்படின்னா?”

“யாரும் ஜெயிக்கலம்மா.”

“இதுக்கா ரெண்டு மணி நேரம் ரிமோட்ட குடுக்காம உக்காந்திருந்த?”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. அந்த சீசன் எட்டாவது இடம். அடுத்த சீசன் எட்டாவது இடம். அதற்கும் அடுத்த சீசன், 2022-23, எட்டாவது இடம். மூன்று வருடம், மூன்று கோச்சுகள், ஒரே இடம். ஹங்கேரிக்காரர் லாஸ்லோ வந்தார், மான்டனீக்ரோவின் பாண்டோவிச் வந்தார், ஜெர்மனியிலிருந்து பிர்டாரிச் வந்தார். வந்தவர் ஒவ்வொருவரும் தனக்குத் தெரிந்த வெளிநாட்டு வீரர்களைக் கூட்டி வருவார், தனக்குப் பிடித்த பாணியில் ஆட வைப்பார். அந்தப் பாணி வீரர்களுக்குப் பிடிபடும் நேரத்தில் அவர் போய்விடுவார். என்னைக் கேட்டால், தோல்விகளைவிட இந்த அவசரம்தான் அணியைக் கெடுத்தது.

போவது கோச் மட்டும் இல்லை. கோய்ல் ஜாம்ஷெட்பூருக்குப் போனபோது வால்ஸ்கிஸும் அங்கே போய்விட்டார். இளம் வயதில் வந்து, எங்கள் கண் முன்னால் வளர்ந்து, கேப்டனும் ஆன அனிருத் தாபா 2023-ல் மோகன் பகானுக்குப் போனார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நல்ல சம்பளம், கோப்பை வாங்கும் வாய்ப்பு, யார்தான் போக மாட்டார்கள்? ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களைக் கேட்டால் சொல்வார்கள். ஆனால் அவர் எதிரணி ஜெர்சியில் நேரு ஸ்டேடியத்துக்குள் வரும்போது கைதட்டுவதா, கத்துவதா என்று தெரியாமல் விழிக்கும் அந்தச் சங்கடம் இருக்கிறதே... மாப்பிள்ளை வீட்டோடு சண்டை போட்டுப் பிரிந்த பிறகு பொதுவான கல்யாணத்தில் நேருக்கு நேர் பார்த்துக்கொள்வது மாதிரி!

2023-24-ல் கோய்ல் திரும்ப வந்தார். ஆறாவது இடம், பிளே ஆஃப், அங்கே கோவாவிடம் 2-1 தோல்வி. ‘சரி, ஏறுமுகம்’ என்று நினைத்தோம். 2024-25-ல் 13 அணிகளில் 11-வது.

அடுத்த வீட்டுக் கதைகள்

துக்கத்தில் இருப்பவர்களுக்கு அடுத்தவர் துக்கம் ஒரு மருந்து. அதனால் கொஞ்சம் வெளியே பார்ப்போம்.

முதல் அரையிறுதியில் எங்களை அழவைத்த கேரளா பிளாஸ்டர்ஸ், அதன்பிறகு 3 இறுதிப் போட்டிகளில் தோற்றார்கள். 2014-ல் கடைசி நிமிட கோலில். 2016-ல் சொந்த ஊரான கொச்சியிலேயே பெனால்டி ஷூட் அவுட்டில். 2022-ல் ஹைதராபாத்திடம் மறுபடி ஷூட் அவுட்டில். இதுவரை ஐ.எஸ்.எல். கோப்பையே கிடையாது. ஆனால் கொச்சி ஸ்டேடியத்தில் அவர்களின் ‘மஞ்ஞப்படை’ ரசிகர்களின் சத்தத்தை டி.வி.யில் கேட்டிருக்கிறீர்களா? கோப்பை வாங்காத அவர்கள் ஸ்டேடியம் மஞ்சள் கடல். இரண்டு கோப்பை வாங்கிய எங்கள் ஸ்டேடியத்தில், பி ஸ்டாண்ட் புளூஸும் சூப்பர் மச்சான்ஸும் தொண்டை கிழிய டிரம் அடித்துப் பாடிக்கொண்டிருப்பார்கள், எதிர் ஸ்டாண்டில் நாற்காலிகள் கேட்டுக்கொண்டிருக்கும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த மஞ்ஞப்படையும் 2024-25 சீசனில் நிர்வாகத்துக்கு எதிராகப் போராட்டத்தில் இறங்கியது. அதைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷம் இல்லை. எங்களில் போராடும் அளவுக்காவது ஆள் சேருமா என்ற யோசனைதான்.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் நூறாண்டு கண்ட கிளப். 2020-ல் ஐ.எஸ்.எல்.-க்கு வந்தது முதல் அடிமேல் அடி. பரம எதிரி மோகன் பகானோடு ஆடும் டெர்பியில் நான்கு வருடத்துக்கும் மேலாக ஜெயிக்கவே இல்லை. 2023 ஆகஸ்டில் டுராண்ட் கோப்பையில் அந்த வறட்சியை முடித்தது ஒரே ஒரு கோல். அடித்தவர் யார்? நந்தகுமார் சேகர், நம்ம சென்னைப் பையன். லட்சக்கணக்கான வங்காளிகள் அன்று ராத்திரி ஒரு தமிழ்ப் பெயரைச் சொல்லிக் கொண்டாடினார்கள். எங்களுக்குப் பெருமைதான். ஆனால் ‘நம்ம ஜெர்சியில அடிச்சிருக்கக் கூடாதா’ என்று நெஞ்சுக்குள் சின்னதாக ஒரு முள்.

இங்கிலாந்தில் சண்டர்லாந்து என்ற ஊர். ஒரு காலத்தில் கப்பல் கட்டிய ஊர், நிலக்கரி வெட்டிய ஊர். கப்பல் பட்டறைகள் 1988-ல் மூடப்பட்டன. சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அந்தச் சுரங்கம் இருந்த இடத்தில்தான் 1997-ல் அவர்கள் கிளப்பின் ஸ்டேடியம் எழுந்தது. 2017-ல் பிரீமியர் லீக்கில் கடைசி இடம் பிடித்துக் கீழே இறங்கினார்கள். 2018-ல் இரண்டாம் நிலை லீக்கிலும் கடைசி இடம், இன்னும் கீழே. மூன்றாம் நிலை லீக்கில் 4 வருடம். அங்கேயும் முதல் வருடம் மேலே ஏறும் கடைசி மேட்சில், கடைசி நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்றார்கள். இந்த அழுகையை ஒரு நெட்ஃப்ளிக்ஸ் தொடர் உலகத்துக்கே காட்டியது. கவனியுங்கள், மூன்றாம் நிலை லீக்கில் கிடந்தபோதும் அந்த சீசன் சராசரியாக 30,000 பேருக்கு மேல் ஸ்டேடியத்துக்கு வந்தார்கள். 2022-ல் ஒரு படி ஏறி, 2025 மே மாதம் லண்டன் வெம்ப்ளியில் 95-வது நிமிட கோலில் ஜெயித்து மீண்டும் பிரீமியர் லீக்குக்கு வந்துவிட்டார்கள்.

அங்கே விழுவதற்கு ஒரு கீழ்த்தளம் இருக்கிறது, ஏறுவதற்குப் படிக்கட்டும் இருக்கிறது. ஐ.எஸ்.எல்.-ல் முதல் 11 சீசன்களில் கடைசி இடம் பிடித்த எந்த அணியும் கீழே இறக்கப்பட்டதில்லை. நல்லதுதானே என்பீர்கள். கடைசி மேட்சுக்கு ஒரு பதற்றமும் இருக்காது. 8-வதா 11-வதா என்பதில் என்ன வந்துவிடப் போகிறது? பரீட்சையே வைக்காமல் எல்லோரையும் பாஸ் போட்டு அனுப்பும் பள்ளிக்கூடம் மாதிரி. அதனால் பிள்ளைகள் படிப்பதும் இல்லை, பெற்றோருக்கு நிம்மதியும் இல்லை.

கீழே இறங்க மாட்டார்களே தவிர, காணாமல் போவார்கள். 2019-ல் புனே அணி போய் ஹைதராபாத் வந்தது. அதே வருடம் டெல்லி அணி பெட்டி படுக்கையோடு புவனேஸ்வரம் போய் ஒடிசா எஃப்.சி. ஆனது. கேரளாவிடமிருந்து 2022 கோப்பையைப் பறித்த ஹைதராபாத், அடுத்த வருடங்களில் வீரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் திணறி, 2025-ல் டெல்லிக்கு இடம் மாறி வேறு பெயர் வைத்துக்கொண்டது. ஒரு ஹைதராபாத் ரசிகரை நினைத்துப் பாருங்கள். கோப்பை வாங்கிய மூன்றே வருடத்தில் அவருக்கு அணியே இல்லை. அவர் அலமாரியில் இருக்கும் மஞ்சள் ஜெர்சியை இனி எதற்குப் போடுவார்?

மேட்சே இல்லாத செப்டம்பர்

2025 ஜூலையில் அந்தப் பயம் எங்கள் வாசலுக்கும் வந்தது. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீக்கை நடத்தும் நிறுவனத்துக்கும் இடையே 2010-ல் போட்ட 15 வருட ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய இருந்தது. புதிய ஒப்பந்தம் தயாராகவில்லை. அதனால் அடுத்த சீசனை நிறுத்திவைப்பதாக அறிவித்துவிட்டார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. தன் முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைத்தது. அடுத்து எங்கள் கிளப்பும் தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

அந்த அறிவிப்பை போனில் படித்தபோது எனக்கு முதலில் வீரர்கள் ஞாபகம் வரவில்லை. புல் வெட்டுகிறவர், ஜெர்சி துவைக்கிறவர், பிசியோ, அகாடமியில் பயிற்சி எடுக்கும் வடசென்னைப் பையன்கள்தான் வந்தார்கள். பெரிய வீரர்களுக்கு வேறு ஊர் கிடைக்கும். இவர்களுக்கு?

செப்டம்பர் வந்தது, மேட்ச் வரவில்லை. அக்டோபர், நவம்பர். சனிக்கிழமை மாலைகளில் செய்வதற்கு ஒன்றும் இல்லை. எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வழக்கமாக கோச்சைத் திட்டுகிற அண்ணன் ஒருவர், எதையும் எழுதாமல் வெறும் ஸ்டேடியம் போட்டோவை மட்டும் போட்டார். யாரோ ‘0-4 தோத்தாலும் பரவால்ல, ஒரு மேட்ச் வைங்கடா’ என்று எழுதினார். சிரிப்பு எமோஜி போடத்தான் கை போனது. போட முடியவில்லை. பத்து வருடமாக அணியின் ஆட்டத்தைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லாத மனிதர் அவர்.

பல மாதத் தாமதத்துக்குப் பிறகு, 2026 பிப்ரவரியில்தான் சுருக்கப்பட்ட சீசன் ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு அணியோடும் ஒரே ஒரு முறை மோதல். அதற்கே எங்கள் குரூப்பில் தீபாவளி.

அதற்கு முந்தைய கோடையில் இன்னொன்றும் நடந்தது. ஐ.பி.எல். வரலாற்றில் முதன்முறையாக சி.எஸ்.கே. கடைசி இடத்தில் முடித்தது. ஊரே சோகத்தில் இருந்தது. டீக்கடையில் ‘இந்த அணியை என்னதான் பண்றது’ என்று தலையில் கை வைத்தவர்களைப் பார்த்தேன். 2018-19-ல் நான் உட்கார்ந்திருந்த அதே போஸ். தோளில் கை போட்டு ‘அடுத்த வருஷம் பாத்துக்கலாம்ணே’ என்றேன். இதைச் சொல்வதில் எனக்கு இருக்கும் அனுபவம் ஊரில் வேறு யாருக்கு இருக்கும்?

என் அலமாரியில் 3 நீல ஜெர்சிகள் இருக்கின்றன. முதுகில் ஜெஜெ, வால்ஸ்கிஸ், தாபா. மூவரும் போய்விட்டார்கள். அக்கா பையன் இந்த வருடம்தான் முதல் முறை ஜெர்சி கேட்டான், முதுகில் பெயரோடு. புதிதாக வந்த ஒரு வீரரின் பெயரைச் சொன்னான்.

“டேய், அவர் அடுத்த வருஷம் வேற டீமுக்குப் போயிடுவாருடா. சும்மா நம்பர் மட்டும் போட்டுக்கோ.”

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். “அதுக்குள்ள எனக்கு ஜெர்சி சின்னதாயிடும்ல மாமா?”

பெயரைப் போடச் சொல்லிவிட்டேன். ஒரு சைஸ் பெரிதாகவே வாங்கினேன்.